ஒரு சாக்கு பேரிங்

போன வாரம் எங்கள் பழைய டிபார்ட்மென்ட்டிலிருந்து கவிதா போன் பண்ணினாள். என்னிடம் படித்து, அங்கேயே ஆசிரியராகச் சேர்ந்து, இப்போது இறுதியாண்டு புராஜெக்ட்டுகளுக்கெல்லாம் பொறுப்பாக இருப்பவள்.

"சார், புராஜெக்ட் ஃபாரத்தை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தறோம். பழைய ஃபாரத்துல ஒரு கட்டம் இருக்குதுங்க சார். 'குழுவினர் அறிந்த மொழிகள்'னு. பசங்க அதுல சி, ஜாவா, பைத்தான்னு எழுதறாங்க. அதுக்குத்தான் கீழே தனியா ஒரு கட்டம் இருக்குதே. இதை எடுத்துடலாமா?"

எனக்கு வாய் கொள்ளாத கொட்டாவி ஒன்று வந்தது.

"தூங்கிட்டிருந்தீங்களா? சாரி சார், அப்புறம் கூப்பிடறேன்."

தூங்கவில்லை. பயந்துவிட்டேன். மற்றவர்களுக்குப் பயம் வந்தால் வியர்க்கும், கை நடுங்கும். எனக்குக் கொட்டாவி வரும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். கணக்குப் பரீட்சையில் வினாத்தாளைப் பார்த்து நான் விட்ட கொட்டாவியில், பக்கத்து பெஞ்சுக்காரன் 'இவன் எல்லாம் படிச்சிட்டு வந்திருக்கான்' என்று என்னைப் பார்த்து எழுதிப் பாழாய்ப் போனான். என் கல்யாணத்தில் முகூர்த்த நேரத்தில் விட்ட கொட்டாவிகள் ஆல்பத்தில் நான்கு பக்கத்துக்கு இருக்கின்றன. அதைப் பற்றி வீட்டில் இன்னும் விசாரணை முடியவில்லை.

"அந்தக் கட்டத்தைத் தொடாதே. ஏன்னு எழுதி அனுப்பறேன்" என்றேன். அதனால் இது.

விருப்ப ஓய்வு வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. அதற்கு முந்திய முப்பது வருஷத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிகிரி முடித்தேன், பெங்களூரில் ஒரு மாடி அறையில் கோபால் என்கிற கம்ப்யூட்டர் மொழி படித்தேன், ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஏழு வருஷம் சம்பளப் பட்டியல் அச்சடித்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கிருஷ்ணகிரி போகிற ரோட்டில் முளைத்த புது இன்ஜினியரிங் காலேஜில் இன்டர்வியூவுக்குப் போனேன். எதிரே ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே கொட்டாவி விட்டேன். எடுத்துக்கொண்டார்கள். 'இவ்வளவு தைரியசாலியா' என்று நினைத்துத்தான் எடுத்தார்கள் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் துறைத் தலைவர் தணிகாசலம் சார். ஒல்லி மனிதர், தஞ்சாவூர்ப் பக்கம். சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. தப்பான ஒரு தாளோடு அவரிடம் போனால், வாங்க மாட்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "வாசிங்க" என்பார். நாம் எழுதியதை நாமே சத்தமாக வாசிக்க வேண்டும். மூன்றாவது வரியில் நமக்கே தெரிந்துவிடும். நான்காவது வரியில் குரல் கம்மும். ஐந்தாவது வரியில் "சார், நாளைக்குக் கொண்டு வரேன்" என்று நாமே எழுந்துவிடுவோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொள்வார். அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் இறுதியாண்டு புராஜெக்ட் என்றால் நூலக மேலாண்மை, மருத்துவமனை மேலாண்மை, சம்பளப் பட்டியல். இந்த மூன்றையும் சுற்றிச் சுற்றி அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். சீனியர் பைண்டு செய்த புத்தகத்தில் பெயரை மட்டும் மாற்றி ஜூனியர் பைண்டு செய்வான். ஒரு வருஷம் பெயரைக்கூட மாற்றாமல் ஒருத்தன் கொடுத்தான். அதற்கும் மார்க் போட்டோம்.

தணிகாசலம் சார் பிரின்சிபாலிடம் போய் ஓர் அனுமதி வாங்கி வந்தார். ஒரே ஒரு குழு, நாலு பேர், நிஜ ஃபேக்டரி ஒன்றுக்கு நிஜமாக ஓடுகிற புரோகிராம் எழுத வேண்டும். 'இதை நாங்கள் பயன்படுத்துகிறோம்' என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். வாய்மொழித் தேர்வுக்கு முன்னால் அந்தக் கடிதம் வந்தால், அடுத்த வருஷம் எல்லாக் குழுவும் ஃபேக்டரிக்குப் போகலாம். வராவிட்டால் நாலு பேரும் ஆறு மாசம் உட்கார்ந்து புதிதாகச் செய்ய வேண்டும். அடுத்த வருஷத்திலிருந்து மறுபடி நூலக மேலாண்மை.

"நீங்கதான் கைடு" என்றார் என்னிடம். கொட்டாவி விட்டேன். "நல்லது" என்றார்.

நாலு பேரில் இரண்டு பேர் ரவி. ஒருத்தன் நெட்டை, ஒருத்தன் குட்டை, இரண்டு பேரும் சேலத்துக்காரர்கள். மூன்றாவது இசக்கிமுத்து, திருநெல்வேலி. யாரிடமும் போய்ப் பேசிவிடுவான். பாஸானால் சேரலாம் என்று பெங்களூரில் ஒரு வேலை அவனுக்கு ஏற்கெனவே கிடைத்திருந்தது. நாலாவது மஞ்சுளா, தளிப் பக்கம். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ்.

கம்பெனி, பம்புக்கு உதிரிப்பாகம் கடைகிற கம்பெனி. எங்களுக்குக் கிடைத்த வேலை அதன் ஸ்டோர். எந்தப் பொருள் தீரப் போகிறது, எதை எப்போது வாங்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும்.

வேலையைப் பிரித்தது நான். நெட்டை ரவி கணக்குப் போடுகிற புரோகிராம், குட்டை ரவி திரை, ஸ்டோருக்குப் போய் விவரம் கேட்டு எழுதிவர இசக்கி, மஞ்சுளாவுக்கு பிரிண்டிங். ஸ்டோரில் தரையெல்லாம் ஆயில், ஆண்கள் இருக்கிற இடம், பெண் பிள்ளை வழுக்கி விழுந்தால் யார் பதில் சொல்வது என்று எனக்குப் பயம்.

"சார், நான் ஸ்டோருக்குப் போறங்க சார். எனக்குக் கன்னடம் தெரியும்" என்றாள் மஞ்சுளா.

"கம்ப்யூட்டருக்குத் தெரியாதேம்மா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மஞ்சுளா சிரிக்கவில்லை. அப்போது அதை நான் கவனிக்கவில்லை. இவ்வளவு நல்ல ஜோக் நமக்கு எப்படித் தோன்றியது என்ற சந்தோஷத்தில் இருந்தேன்.

ஸ்டோர் கீப்பர் நஞ்சுண்டப்பா. எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கமிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். தமிழ் நன்றாகப் புரியும். ஆனால் தமிழில் கேட்டால் கன்னடத்தில்தான் பதில். இசக்கி அசரவில்லை. பஸ் கண்டக்டரிடம் ஒன்றிலிருந்து நூறு வரை கன்னடத்தில் கற்றுக்கொண்டு, நீள நோட்டோடு ஸ்டோரில் இறங்கினான். ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக் காட்டி, "அண்ணாச்சி, இது எவ்வளவு வேணும்?" என்று கேட்பான். அவர் ஷெல்ஃபைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்வார். இவன் எழுதிக்கொள்வான். நாலு நாளில் முடித்துவிட்டான்.

அவன் டைப் செய்து கொடுத்ததில் அளவுகளின் பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தது. நம்பர், கிலோ, லிட்டர், மீட்டர், SACK, அதாவது சாக்கு. நெட்டை ரவி, ஒரு சாக்கு என்றால் எத்தனை கிலோ என்று கேட்டான். இசக்கி அரிசி மூட்டையை நினைத்து, ஐம்பது என்றான். ரவி அதையும் புரோகிராமில் ஏற்றினான்.

மஞ்சுளா மட்டும் ஒரு நாள் பிரிண்ட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "சார், பினாயில் எப்படி சார் சாக்குல வரும்?"

குட்டை ரவி பின்னாலிருந்து, "பவுடரா வாங்கித் தண்ணியில கலக்குவாங்க போல" என்றான்.

"கம்பெனிக்காரங்க ஆயிரம் வழக்கம் வெச்சிருப்பாங்கம்மா. நீ பிரிண்ட்ல வரிசை நேரா விழுதான்னு மட்டும் பாரு" என்றேன் நான். கைடு என்றால் வழிகாட்டி. இப்படித்தான் காட்டினேன்.

வாய்மொழித் தேர்வுக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், ஒரு வியாழக்கிழமை காலையில் கம்பெனியில் புரோகிராமைப் போட்டுக் காட்டினோம். ஸ்டோர்ஸ் மேனேஜர் மெட்ராஸ்காரர், சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. பிரிண்டர் கர்ர் கர்ர் என்று பட்டியலைத் துப்பியது. அவர் எடுத்து வாசித்தார்.

"பேரிங், மாடல் நம்பர் ஆறாயிரத்து இருநூத்தி அஞ்சு. ஒரு சாக்கு வாங்கவும்."

அவர் விரல் அடுத்த வரிக்கு இறங்கியது.

"ஆயில் சீல், ஒரு சாக்கு. ஹாக்ஸா பிளேடு, ஒரு சாக்கு. பினாயில், ஒரு சாக்கு." தாளைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். "ஏன் சார், நாங்க ஃபேக்டரி நடத்தறோமா, மண்டி நடத்தறோமா?"

பின்னால் நின்றிருந்த ஸ்டோர் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். இசக்கியின் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்து, தாடை கழன்று விழுகிற மாதிரி எனக்கு ஒரு கொட்டாவி.

"சாருக்குத் தூக்கம் வருது போல" என்றார் மேனேஜர். "எனக்கு புதன்கிழமையிலிருந்து லீவு. செவ்வாய்க்கிழமை காலையில சரியான பட்டியலோட வந்தா கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா மன்னிச்சுக்குங்க."

காலேஜ் திரும்புகிற பஸ்ஸில் நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை. இசக்கி மட்டும், "அவருதான் சார் சொன்னாரு. நான் சொந்தமா ஒண்ணும் எழுதல சார்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தான். நானோ தணிகாசலம் சாரிடம் சொல்ல வேண்டிய காரணங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். ஸ்டோர் கீப்பர் ஒத்துழைக்கவில்லை. பையன் அவசரப்பட்டான். பிரிண்டர் பழசு. பிரிண்டருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் சொல்ல ஒரு காரணமும் தயார் செய்திருந்தேன்.

அவர் எதையும் கேட்கவில்லை. எங்கள் ஐந்து பேரையும் உட்காரவைத்தார். நான் டைப் செய்த தாளை நீட்டினேன்.

"இது வேண்டாம். முதல்ல கையால எழுதின நோட்டு எங்கே?" கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "வாசிங்க."

இசக்கி ஒழுங்கான பையன். கேள்வியையும் பதிலையும் அப்படியே தமிழில் எழுதி வைத்திருந்தான். எழுந்து நின்று வாசித்தான். "வி-பெல்ட். கேட்டது, எவ்வளவு வேணும். சொன்னது, ஹத்து. பத்துன்னு அர்த்தம் சார். காட்டன் வேஸ்ட். சொன்னது, இப்பத்து. இருபது சார். பேரிங். கேட்டது, எவ்வளவு வேணும். சொன்னது, சாக்கு."

மஞ்சுளா 'களுக்'கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னம்மா?" என்றார் சார்.

"சார், அது சாக்கு இல்லைங்க சார்."

"அப்புறம்?"

"சாக்கு!"

அறையில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. இசக்கி கடுப்பாகி, "நானும் அதைத்தான சொல்லுதேன்?" என்றான்.

"ஐயோ, கன்னட சாக்குடா! போதும்னு அர்த்தம். நீ எவ்வளவு வேணும்னு கேட்டிருக்க. அவர் ஷெல்ஃபைப் பாத்துட்டு, இருக்கறதே போதும்னு சொல்லியிருக்காரு!"

இதில் மற்ற எல்லாரையும் விட அவமானம் எனக்குத்தான். ஓசூர் டீக்கடையில் பத்து வருஷமாகச் சர்க்கரை போடுகிற கையைப் பிடித்து "சாக்கு, சாக்கு" என்று தடுத்துக்கொண்டிருந்தவன் நான். அன்று காலையில்கூடச் சொல்லியிருந்தேன். அதுவே தாளில் ஆங்கிலத்தில் வந்ததும், கோணிப்பை என்று ஒப்புக்கொண்டுவிட்டேன்.

தணிகாசலம் சார் சிரிக்கவில்லை. "இந்தக் குழுவுல கன்னடம் தெரிஞ்சவங்க யாரு?"

மஞ்சுளா கை தூக்கினாள்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"பிரிண்டிங் சார்."

"யார் பிரிச்சது?"

வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது கொட்டாவி. அடக்கப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பயப்படாதீங்க" என்றார் சார் மெல்ல. "இன்டர்வியூவுலேயே பாத்தேன். பயந்தா உங்களுக்குக் கொட்டாவி வருது. பயப்படறவர் ஒருத்தர் இருந்தா மத்தவங்க ஜாக்கிரதையா இருப்பாங்கன்னுதான் எடுத்தேன்."

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் அது.

அவர் எழுந்து போய்க் கரும்பலகையில் இருந்த வேலைப் பிரிவினையை அழித்துவிட்டு, சாக்பீஸை மஞ்சுளாவிடம் கொடுத்தார். "நாலு பேரும் பேசி நீங்களே பிரிச்சுக்குங்க."

அவள் கொஞ்ச நேரம் சாக்பீஸை உருட்டிக்கொண்டு நின்றாள். பிறகு எழுதினாள். ஸ்டோர், மஞ்சுளா. கூட இசக்கி. "அவன் கேட்டதைக் கேட்டபடி எழுதறான் சார். அது எனக்கு வராது" என்றாள். இசக்கிக்கு அப்போதுதான் முகத்தில் ரத்தம் வந்தது. ரவிகள் இரண்டு பேரும் புரோகிராம். பிரிண்டிங்குக்கு எதிரே இடம் காலியாக இருந்தது. மஞ்சுளா தயங்கினாள்.

"அதைச் சார் பாத்துப்பாரு" என்று என்னைக் காட்டினார் தணிகாசலம் சார்.

ஆக, அந்த வெள்ளியிலிருந்து திங்கள் வரை ஒரு கைடு செய்த வேலை, பிரிண்டர் தாளின் ஓட்டை போட்ட ஓரங்களைக் கிழியாமல் கிழித்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கு வாரவிடுமுறை. அன்று நான் பயப்படுவதற்கு முழு நாள் கிடைத்தது.

எல்லா 'சாக்கு'வையும் அடித்துவிட்டு அந்த இடத்தில் எண்ணைக் கேட்டு எழுதினால் முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். மஞ்சுளா வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டோரிலிருந்து திரும்பி வந்து, "அப்படி இல்லைங்க சார்" என்றாள். அவள் கன்னடத்தில் கேட்டதும் நஞ்சுண்டப்பாவின் முகம் மலர்ந்துவிட்டதாம். "அந்த ஹுடுகப் பையன் எதுக்குக் கேக்கறான்னே தெரியலம்மா. நானு சாக்குன்னு சொன்னே, அவன் பரபரன்னு எழுதினான்" என்று இசக்கியைக் காட்டிச் சிரித்தாராம். பிறகு நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஷெல்ஃபுக்குப் பின்சுவரைக் காட்டினாராம். ஒவ்வொரு தட்டுக்கும் பின்னால் வெள்ளை பெயின்டில் ஒரு கோடு இருந்தது. அடுக்கி வைத்த சரக்குக்கு மேலே கோடு தெரிந்தால் வாங்க வேண்டும். கோடு மறைந்திருந்தால் சாக்கு.

"கோட்டை எதை வெச்சுப் போட்டீங்கன்னு கேட்டேன் சார். பேரிங் பெங்களூர்ல இருந்து வருதாம், சொன்னா மறுநாள் பஸ்ல போட்டு விடுவாங்க. அதனால கோடு கீழே இருக்கு. ஆயில் சீல் மெட்ராஸ்ல இருந்து வரணும், ஒரு வாரம் ஆகும். அதனால கோடு மேலே. அடுத்த சரக்கு வந்து சேர்ற வரைக்கும் தாங்கும்னா, அதுதான் சார் அவரோட சாக்கு. எல்லா சாக்கும் ஒரே சாக்கு இல்லைங்க சார்."

நெட்டை ரவி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தான். நாங்கள் மூன்று மாசம் எழுதிய புரோகிராமில் இது எங்கேயும் இல்லை. எந்தப் பொருள் வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று ஒரு கட்டமே கிடையாது. அதைச் சேர்க்கிற வேலை சனிக்கிழமை முழுக்க நடந்தது, ஞாயிறும் நடந்தது. மஞ்சுளா சொல்ல, இசக்கி எழுத, ரவிகள் தட்ட. அதுவரை அந்த நாலு பேரும் நாலு தனி ஆட்களாக ஒரே அறையில் இருந்தார்கள். அந்த இரண்டு நாளில்தான் ஒருத்தன் தப்பை இன்னொருத்தி சொல்ல, அவன் கோபப்படாமல் திருத்துவதைப் பார்த்தேன். நான் ஓரத்தில் தாள் கிழித்துக்கொண்டே பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை. மேனேஜர் பட்டியலை வாங்கினார். போன தடவை இரண்டு பக்கம், இந்தத் தடவை ஐந்தே வரி. வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நஞ்சுண்டப்பாவைக் கூப்பிட்டுத் தாளைக் கையில் கொடுத்தார். "பாருங்க. நீங்க சரின்னு சொன்னாத்தான்."

அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு ஷெல்ஃபுகளுக்குள் போனார். நாங்கள் நின்றோம். இரும்புத் தட்டு நகர்கிற சத்தம், பெட்டி திறக்கிற சத்தம். இசக்கி என் காதில், "சார், ஆகலேன்னா அந்த பெங்களூர் வேலை போயிரும் சார்" என்றான். பதில் சொல்ல வாய் திறந்தேன். கொட்டாவிதான் வந்தது. அதைப் பார்த்து அவனுக்கும் ஒன்று வந்தது. ரவிகளுக்கும் தொற்றிக்கொண்டது. மேனேஜர் எங்களை அதிசயமாகப் பார்த்தார்.

திரும்பி வந்த நஞ்சுண்டப்பா பட்டியலில் ஓர் இடத்தைப் பென்சிலால் சுழித்தார். வி-பெல்ட் நேற்றுத்தான் வந்து இறங்கியிருக்கிறது, இன்னும் பதிவேட்டில் ஏறவில்லை. மஞ்சுளா அங்கேயே உட்கார்ந்து வரவைப் பதிந்து பட்டனைத் தட்டினாள். பிரிண்டர் ஓடியது. நான் ஓரம் கிழித்துக் கொடுத்தேன். இப்போது நாலே வரி. அவர் மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"என்ன, இன்னும் பாக்கணுமா?" என்றார் மேனேஜர்.

நஞ்சுண்டப்பா தாளை மேஜையில் வைத்தார். இசக்கியைப் பார்த்தார். வேண்டுமென்றே ஒவ்வோர் எழுத்தாக, கோணிப்பை தைக்கிற மாதிரி இழுத்துச் சொன்னார்.

"சாக்கு!"

இசக்கிதான் முதலில் சிரித்தான். பிறகு அந்த ஸ்டோரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சிரித்தோம். மேனேஜருக்கு மட்டும் புரியவில்லை. புரியாமலே கையெழுத்துப் போட்டார்.

வெளியே கேட்டுக்கு வருகிற வழியில் மஞ்சுளா என் பக்கத்தில் வந்தாள். கடிதம் அவள் ஃபைலில் இருந்தது. "சார், இப்போ கம்ப்யூட்டருக்கும் கன்னடம் தெரியும் சார்" என்றாள். நான் சிரித்தேன். நாலு மாசம் அந்த ஜோக்கைப் பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்திருக்கிறாள். கொட்டாவி வரவில்லை. கொஞ்சம் வெட்கம்தான் வந்தது.

இசக்கி பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தான். அடுத்த வருஷம் எங்கள் குழுக்கள் எல்லாமே ஃபேக்டரிகளுக்குப் போயின. ஒரு குழு போச்சம்பள்ளி வரைக்கும் போனது. ஐந்தாறு வருஷம் கழித்து வேறு ஒரு வேலையாக அந்த ஸ்டோருக்குப் போனபோது திரையில் எட்டிப்பார்த்தேன். அளவுகளின் பட்டியலில், மீட்டருக்குக் கீழே, எந்தப் பொருளுக்கும் சம்பந்தமில்லாமல் SACK இன்னும் இருந்தது. எடுத்துவிடலாம் என்று யாரோ சொன்னார்களாம். எடுக்க விடமாட்டேன் என்று நஞ்சுண்டப்பா சொன்னாராம்.

கவிதா, இதுதான் விஷயம். கடிதம் வந்த மறுநாள், தணிகாசலம் சார் புராஜெக்ட் ஃபாரத்தைக் கேட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுச் சேர்த்த கட்டம் அது. அவர் கேட்டது சி, ஜாவா இல்லை. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, உன் இப்போதைய பிள்ளைகளில் யாருக்காவது இந்தியும் ஒரியாவும் தெரிந்தால் அதையும் எழுதச் சொல். இன்றைக்கு நம் தொழிற்பேட்டையில் ஸ்டோர் சாவி யார் இடுப்பில் இருக்கிறது, அவர் எந்த பாஷையில் 'போதும்' என்கிறார் என்று யாருக்குத் தெரியும்? கட்டத்தை வைத்திரு. பெயரை மட்டும் வேண்டுமானால் 'பேசும் மொழிகள்' என்று மாற்றிக்கொள்.

நீ கேட்டது ஒரு கட்டம், நான் எழுதியது இத்தனை பக்கம். சாக்கு. எந்தச் சாக்கு என்று சந்தேகம் வந்தால், உன் குழுவில் கன்னடம் தெரிந்தவளைக் கூப்பிட்டுக் கேள். அவளுக்கு பிரிண்டிங் வேலை கொடுத்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.